செத்த எச்சில்

அவள் பிறந்ததும் அழவில்லை, மூக்கைச் சுளித்தாள் என்று அவள் அம்மா சொல்வாள். பிரசவம் பார்த்த நர்ஸின் கையில் வெங்காய வாடையாம். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. அவளோடு ஒரு பொழுது இருந்து பார்த்த யாரும் இதைச் சந்தேகித்ததில்லை என்பது மட்டும் நிஜம். மற்றப் பிள்ளைகள் அம்மா, அத்தை என்று பேச்சை ஆரம்பிக்கும் வயதில் இவள் ‘சீ’ என்று ஆரம்பித்தாள். அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது. வீட்டில் சீச்சீ, பள்ளியில் சீச்சீ, பிற்பாடு வேலைக்குப் போன இடத்தில் சீச்சீ அக்கா.

ஈ உட்கார்ந்து எழுந்துபோன இடத்தை மறுநாள் வந்து சரியாகக் காட்டுவாள். மாடியில் யாராவது தும்மினால் கீழே இவள் சன்னலைச் சாத்துவாள். பேருந்தில் கம்பியைப் பிடிக்க மாட்டாள், எத்தனை பேர் கை பட்டதோ என்று. ஓட்டுநர் பிரேக் போட்டபோதெல்லாம் முன் கண்ணாடி வரைக்கும் ஓடிப்போய்த் திரும்பி வந்திருக்கிறாள்; கையை மட்டும் நீட்டியதில்லை.

இருந்தாலும் அழுக்கை அவள் பொறுத்துக்கொள்வாள். சேறும் புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் சோப்புக்குக் கட்டுப்பட்டவை. எச்சில்தான் ஆகாது. வாய்க்குள் இருக்கிறவரைக்கும் அது அவரவர் சொத்து, வெளியே வந்தால் ஊருக்கே கேடு என்பது அவள் சித்தாந்தம். அவளுக்குப் பேசி வந்த முதல் மாப்பிள்ளை நல்ல லட்சணமான ஆள். புகைப்பட ஆல்பத்தைப் புரட்ட விரலை நாக்கில் தொட்டான். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். இரண்டாமவன் டீயை ஊதிக் குடித்தான். ஊதின வேகத்தில் ஒரு துளி மேசைவிரிப்பில் தெறித்ததை அவள் மட்டும் பார்த்தாள். மூன்றாவதாக வந்தவர்தான் தையல்காரர். ஒட்ட வெட்டிய நகம், மடிப்புக் கலையாத சட்டை, பக்கத்தில் வந்தால் சோப்பும் சூடான இஸ்திரித் துணியும் கலந்த வாசனை. வாயைத் திறந்து சிரிக்கக்கூட யோசித்தார். இப்படியும் ஒரு மனிதரா என்று அவள் மயங்கிப்போனாள்.

கல்யாணமான கையோடு அவர் கடையைப் பார்க்கப் போனாள். அவர் நூலை நறுக்கினார். நுனியை வாயில் வைத்தார். உதட்டைக் குவித்து ‘ப்ச்’ என்று இழுத்தார். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே ஒரு உருட்டு உருட்டி ஊசியில் கோத்தார். அவள் கடைவாசலிலிருந்தே திரும்பி வீட்டுக்கு நடந்தாள்.

அன்றைக்கு நடந்த சண்டையில் அவர் சொன்னது ஒன்றுதான். "நூல் நுனி பிரிஞ்சு பிரிஞ்சு நிக்கும்மா. அதை ஒண்ணு சேர்க்க எச்சில் மாதிரி ஒரு பசை உலகத்துலயே இல்ல."

"அப்போ ஊரே உங்க எச்சிலை மாட்டிக்கிட்டுத் திரியுது."

"நான் தச்சதுல பட்டன் ஒண்ணு விழுந்திருக்கா, சொல்லு."

அந்தச் சண்டை முடியவே இல்லை. பிள்ளைகள் பிறந்து, வளர்ந்து, அவரவர் வழியில் போனார்கள். சண்டை அங்கேயே இருந்தது. அவர் தைத்துக் கொடுத்ததை மூன்று தண்ணீர் கண்ட பிறகுதான் அவள் உடுத்துவாள். கடைக்குச் சாப்பாடு கொண்டுபோனால் முதுகைக் காட்டிக்கொண்டு உட்காருவாள். அப்படியும் காது இருக்கிறதே. ஒவ்வொரு ‘ப்ச்’சுக்கும் அவள் தோள் ஒரு முறை குலுங்கும். அவருடைய அக்கா, அதாவது இவள் நாத்தனார், இதை வந்துபோகிறவர்களுக்கெல்லாம் வேடிக்கை காட்டுவாள். "பாருங்க, இப்போ என் தம்பி நூல் கோப்பான், இவ குதிப்பா."

இப்படிப்பட்டவளுக்கு வேலை அமைந்த இடத்தைக் கேளுங்கள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே நூற்பாலையில் அறுந்த இழையை முடிகிற வேலை பார்த்தவள். ஆலை மூடிய பிறகு, டயர்க்கடைக்கு மேலே மூன்றாவது மாடியில் ஒரு பேராசிரியர் ஆரம்பித்திருந்த சின்னக் கம்பெனியில் ஆள் தேடினார்கள். இழை பிடிக்கத் தெரிந்த கை வேண்டும், சுத்தத்தில் பைத்தியமாக இருந்தால் நல்லது என்றார்கள். அவளைத் தவிர வேறு யாருக்கு அது பொருந்தும்?

அங்கே தயாரித்தது உடம்புக்குள் வைத்துத் தைக்கிற நூல். அறுந்ததை இழுத்துக் கட்டும், அது ஒட்டிக்கொண்ட பிறகு தானே கரைந்துபோகும். கரையக்கூடிய ஒருவகை பிளாஸ்டிக்கைப் பாகாக்கி இரண்டு ஊசிகளில் ஏற்றிக் கண்ணாடிப் பெட்டிக்குள் எதிரும் புதிருமாக நிறுத்தியிருப்பார்கள். ஒன்றில் நேர்மின், மற்றதில் எதிர்மின், பத்தாயிரம் வோல்ட்டுக்குக் குறையாது. மின்சாரம் ஏறியதும் ஊசிமுனைத் துளி கூம்பி, கண்ணுக்குத் தெரியாத இழையாகப் பீறிட்டு நெளிந்து நெளிந்து ஓடும். தலைமுடி ஒன்றை நூறாகக் கிழித்தால் அதில் ஒரு பங்குதான் அதன் பருமன். இரண்டு பக்கத்து இழைகளும் ஒன்றையொன்று இழுத்து, நடுவில் சுழலும் புனலின் வாயை வலைபோல மூடிக்கொள்ளும். பஞ்சுமிட்டாய் வண்டியில் பார்த்திருப்பீர்களே, அதேதான், தின்ன முடியாது. அந்த வலையின் நடுவில் ஒரு நீளக் குச்சியின் நுனியை ஒட்டவைத்துப் பின்னால் இழுத்தால் வலை கூம்பாக நீளும். புனல் சுற்றச் சுற்றக் கூம்பின் முனையில் இழையெல்லாம் முறுக்கேறி ஒரே நூலாகும். நூலைக் கண்டில் மாட்டிவிட்டால் பிறகு அது தன்பாட்டுக்கு ஓடும். குச்சியை ஒட்டவைத்து இழுக்கிற முதல் இழுப்புத்தான் வித்தை. அதற்குத்தான் இவள்.

இயந்திரத்துக்கு அங்கே எல்லாரும் வைத்திருந்த பெயர் மாமியார். இரண்டு பக்கமும் துப்பும், ஓயாமல் முனகும், தொட்டால் ஷாக் அடிக்கும்.

துப்பும் என்பதைத்தான் அவளால் முதல் நாளே சகிக்க முடியவில்லை. பாகின் நாற்றம் வேறு. அழுகின மீனை நகப்பூச்சில் முக்கி எடுத்தால் எப்படி இருக்கும், அப்படி. வறண்ட நாட்களில் இழை புனலுக்குப் போகாது. அவள் புருவத்திலும் கண்ணிமையிலும் வந்து உட்காரும். முகம் முழுக்கச் சிலந்திக்கூடு கட்டினாற்போல வீட்டுக்குப் போவாள். நூல் உடம்புக்குள் எப்படிக் கரைகிறது என்று பார்க்க, கன்றுக்குட்டி ரத்தத்திலிருந்து எடுத்த மஞ்சள் நீரில் ஊறப்போட்டு வெதுவெதுப்பாக வைத்திருப்பார்கள். அந்தப் பாத்திரத்தைத் திறக்கிற அன்று கீழே டயர்க்கடைக்காரர் கடையைப் பூட்டிக்கொண்டு போய்விடுவார் என்று ஒரு பேச்சு உண்டு. எல்லாவற்றுக்கும் மேலே கை டாக்டர். பெரிய ஆஸ்பத்திரியில் கைகளுக்கு மட்டும் அறுவை செய்கிற அம்மாள். புது நூலில் கை பழகுவதற்குக் கசாப்புக் கடையிலிருந்து கோழிக்கால் வாங்கி வருவார். கோழிக்காலின் நரம்பும் மனிதக் கைநரம்பும் ஒரே மாதிரி வழுக்குமாம். மிச்சத்தை இவர்கள் சாப்பாட்டு டப்பாக்கள் இருக்கிற குளிர்ப்பெட்டியிலேயே வைத்துவிட்டுப் போவார். போகும்போது பேனா மூடியால் காதைக் குடைந்துகொண்டே போவார். அந்த மூடியை அப்புறம் எங்கே வைப்பார் என்பதைச் சொன்னால் உங்களுக்கும் சாப்பாடு இறங்காது.

இருந்தும் அவள் வேலையை விடவில்லை. ஏன் என்றால், கையுறை இல்லாமல் யாரும் எதையும் தொடக்கூடாது, முகமூடி இல்லாமல் மூச்சுவிடக்கூடாது என்று சட்டம் போட்ட ஒரே இடம் அதுதான். நாற்றம் நாற்றம்தான், ஆனால் யாருடைய எச்சிலும் இல்லாத நாற்றம். வறண்ட நாளில் குச்சியின் நுனியை ஈரப்படுத்த வேண்டும். அதற்குக்கூட கிருமி நீக்கிய நீர் ஒரு சொட்டுக் குப்பியில் பெட்டிக்குப் பக்கத்திலேயே இருக்கும். அந்தக் குப்பியை அவள் வீட்டில் உதாரணம் காட்டுவாள். "எங்க மாமியார்கூட உங்களைவிடச் சுத்தம். ஒரு சொட்டு தண்ணி, அவ்வளவுதான் அவளுக்கு."

"என் அம்மாவை இழுக்காதே," என்பார் தையல்காரர், வேண்டுமென்றே.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோது தையல்காரர் விரலை அறுத்துக்கொண்டார். கடையின் காட்சிக் கண்ணாடி சட்டத்திலிருந்து நழுவியது. உள்ளே நிற்கிற பொம்மைமேல் விழாமல் இருக்க வலது கையால் தாங்கினார். பொம்மை பிழைத்தது. அவருடைய சுட்டுவிரலை மடக்குகிற நரம்பு அறுந்துபோயிற்று. நரம்பு என்று நாம் சொல்கிறோம். கை டாக்டர் தசைநாண் என்றார். மேல்தோலைத் தைத்துக் கட்டுப்போட்டு அனுப்பினார்கள். உள்ளே அறுந்ததைச் சேர்க்க இன்னொரு அறுவை வேண்டும், நாள் தள்ளினால் அறுந்த நுனி ரப்பர் மாதிரி உள்ளங்கைக்குள் சுருங்கிக்கொள்ளும், அப்புறம் பிடித்து இழுக்க முடியாது என்றார்கள்.

விரல் நேராக நின்றுவிட்டது. மடங்கவே இல்லை. எங்கே போனாலும் யாரையோ குற்றம் சாட்டுகிறவர் மாதிரி நீட்டிக்கொண்டு நின்றார். ரொட்டிக் கடையில் ஒருவர் ‘நான் ஒண்ணும் முன்னாடி நுழையலையே’ என்று தானாக வரிசையின் பின்னால் போனாராம். இதைச் சொல்லி அவர் சிரித்தார். ராத்திரி சாப்பாட்டுத் தட்டின் முன்னால் இடது கையோடு மல்லுக்கட்டியபோது சிரிக்கவில்லை. ஊசி பிடிக்க முடியாத தையல்காரர் வெறும் இஸ்திரிப்பெட்டிதான் என்று ஒரு முறை சொன்னார். அவ்வளவுதான் சொன்னார்.

கை டாக்டரின் புது நூல் சோதனைக்கு அனுமதி கிடைத்திருந்த சமயம் அது. மூன்று பேர் கைகளில் அதை வைத்துத் தைக்க இருந்தார்கள். பழைய நூலைவிட இது வழுக்காமல் பிடிக்கும், சதை இதன்மேல் சீக்கிரம் ஏறும், விரலை முன்னதாகவே அசைக்க விடலாம் என்று டாக்டர் நம்பினார். தையல்காரர் கையெழுத்தை இடது கையால் போட்டு, தானும் ஒருவராகச் சேர்ந்துகொண்டார். மூன்று பேரில் அவர் விரலுக்குத்தான் அவசரம். மற்ற இரண்டு பேரும் காத்திருக்கக்கூடியவர்கள். நூல் இழுக்கிறதைத் தன் கண்ணால் பார்த்த பிறகுதான் வைப்பேன் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதற்காகவே ஒரு நாள் குறித்தார்கள்.

அந்த நாள் விடிந்ததே வறட்சியாக. கதவுக் கைப்பிடியைத் தொட்டால் சுரீர் என்றது. பெட்டிக்கு முன்னால் டாக்டர், பேராசிரியர், ஆஸ்பத்திரியிலிருந்து வந்த இன்னும் இரண்டு மூன்று பேர். எல்லாரும் முகமூடிக்கு மேலே கண் மட்டும் தெரிய நின்றார்கள். மாமியார் முனக ஆரம்பித்தாள். வலை விழுந்தது. அவள் பெட்டியின் துளை வழியாகக் குச்சியை நீட்டித் தொட்டாள். ஒட்டவில்லை. வலை சிலிர்த்துக்கொண்டு விலகியது. மறுபடி தொட்டாள். பாதி ஒட்டி, இழுத்ததும் பிய்ந்து, ஊசிப்பக்கமே பறந்தது. பேராசிரியர் தொண்டையைக் கனைத்தார். வந்தவர்களில் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். டாக்டர் பேனா மூடியை எடுத்தார்.

இழை பிரிந்து பிரிந்து நிற்கிறது. அவள் கண்ணில் அது ஒன்றுதான் தெரிந்தது. அதற்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கிற ஒரு விரல். குச்சியை வெளியே இழுத்தாள். உடனே உள்ளே விட்டாள். தொட்டாள். வலை சமர்த்தாக ஒட்டிக்கொண்டு பின்னோடு வந்தது. கூம்பு நீண்டது, முனை முறுக்கேறியது, நூல் பிறந்து கண்டில் ஏறி ஓட ஆரம்பித்தது. எல்லாரும் மூச்சுவிட்டார்கள். ஆஸ்பத்திரிக்காரர் ஒருவர் கைதட்டக்கூடச் செய்தார்.

அவள் நாக்கில் அழுகின மீன் கசந்தது.

நகப்பூச்சுக் காரம் உதட்டில் எரிந்தது. அப்போதுதான் பெட்டிக் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தாள். முகமூடி மோவாய்க்குக் கீழே கிடந்தது. உதடு ‘ப்ச்’ என்ற குவியலிலேயே இருந்தது. நீர்க் குப்பி அவள் கைக்கு ஒரு சாண் தூரத்தில், மூடிகூடத் திறக்காமல் நின்றது. எல்லாரும் வலையையே பார்த்துக்கொண்டிருந்ததால் இவள் வாயை யாரும் பார்க்கவில்லை.

கழிவறையில் போய் வாய் கொப்பளித்தாள். கட்டிடத்தின் மேல்தொட்டி காலியாகி, டயர்க்கடைக்காரர் மாடியேறி வந்து கேட்கிற அளவுக்குக் கொப்பளித்தாள். உதட்டில் சோப்பைத் தேய்த்தாள். சோப்பு போட்டால் போகாத அழுக்கு இந்த உலகத்தில் ஒன்று உண்டென்று ஆயுசு முழுக்கச் சொல்லிவந்தவள், அது தன் வாய்க்குள்ளேயே குடியிருந்ததை அன்றைக்குத்தான் கண்டாள். ஊரார் எச்சில் என்று ஓடினாளே, இப்போது எங்கே ஓடுவது?

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது தையல்காரருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரித்தார். கட்டுப்போட்ட கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வலிக்க வலிக்கச் சிரித்தார். இத்தனை வருஷம் முதுகைக் காட்டி உட்கார்ந்தவள் முதுகாலேயே தொழிலைக் கற்றுக்கொண்டாள் என்றார். நாத்தனாரும் அங்கேதான் இருந்தாள், தம்பிக்குச் சாப்பாடு ஊட்ட வந்தவள். அவளுக்கு அன்று திருநாள்.

"பன்றியோட சேர்ந்த கன்னுக்குட்டியும் பீ தின்னுமாம். சும்மாவா சொன்னாங்க," என்றாள் நாத்தனார்.

தையல்காரர் சிரிப்பை நிறுத்தினார். "அப்போ நான் பன்னியாக்கா?"

சீச்சீ சிரிக்கவில்லை. அந்தக் கண்டு அவர் விரலுக்குள் போகப்போகிறது என்று நினைவுபடுத்தினாள். குறித்த நாளை விட்டால் வேறு நாள் இல்லை என்பது அவருக்கும் தெரியும். "உன் எச்சில்தானே," என்றார். "இருந்துட்டுப் போகட்டும். நீயா சொல்லாம யாருக்குத் தெரியப்போகுது?"

ஊரில் வேறு எந்தப் பெண்ணிடம் சொல்லியிருந்தாலும் உருகியிருப்பாள். இவளுக்குக் குமட்டியது. வெளியே போய் நின்றுகொண்டாள்.

மறுநாள் காலை நேராகப் பேராசிரியர் அறைக்குப் போய்ச் சொன்னாள். சொல்லிவிட்டால் கண்டைத் தூக்கிப் போடுவார்கள், நாள் கடந்துபோகும், விரல் அப்படியே நின்றுவிடும். எல்லாம் தெரிந்துதான் போனாள். பேராசிரியர் கெட்டவர் இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"வேற யாருக்காவது தெரியுமா?"

அவள் பிற்பாடு சொன்னாள், கோழிக்கால் டப்பாவைத் திறந்தபோதுகூட இவ்வளவு குமட்டவில்லை என்று.

பேராசிரியர் சமாதானம் சொல்லிக்கொண்டே போனார். குச்சி பட்ட முதல் நீளத்தை எப்படியும் வெட்டிப் போடத்தானே போகிறோம் என்றார். மொத்தக் கண்டும் வாயு அறைக்குப் போகிறது, கிருமி ஒன்றுகூட மிஞ்சாது என்றார். "எல்லாம் செத்துரும்மா. சுத்தமா செத்துரும்."

"செத்த எச்சில் எச்சில் இல்லன்னு ஆயிடுமா சார்?"

"உங்க வீட்டுக்காரர் கையிலதானே போகப்போகுது? வேற யாரோ இல்லையே."

"அந்தக் கண்டு மூணு பேருக்கு. மத்த ரெண்டு பேர் என்னைக் கட்டிக்கலையே."

எச்சிலைவிட மோசமான ஒன்று அந்த அறையில் கிடக்கிறதைப்போல இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருந்தார்கள். அப்போது மிச்சக் கோழிக்காலை எடுத்துப்போகக் கை டாக்டர் வந்தார். சாத்தியிருந்த கதவைத் தட்டாமல் திறப்பதுதான் அவர் வழக்கம். பேராசிரியர் ஒன்றுமில்லை என்பதற்குள் இவள் முழுவதையும் சொல்லி முடித்திருந்தாள்.

காதைக் குடைந்துகொண்டிருந்த கை நின்றுவிட்டது. பேனா மூடியைத் தானே ஒரு முறை உற்றுப்பார்த்துவிட்டுக் குப்பைத்தொட்டியில் போட்டார். பிறகு கண்டையும் கொண்டுவரச் சொல்லி அதன்மேலேயே போட்டார். செத்த கிருமியின் தோலும் தூசியும் உள்ளே போனால் விரல் வீங்கும், வீங்கினால் நூல் அறுக்கும், உலகத்தில் யாரும் இனி இந்த நூலைத் தொட மாட்டார்கள் என்றார். கத்தவில்லை. முகத்தைச் சுளித்துக்கொண்டு, நிதானமாகச் சொன்னார்.

"இன்னிக்கு வேற இழுங்க. சாயங்காலத்துக்குள்ள வாயு அறைக்குப் போனாத்தான் அவர் விரலுக்கு ஆகும். ஆகலேன்னா பழைய நூலை வச்சு ஏதோ பண்றேன், பாதி மடங்கினா உங்க அதிர்ஷ்டம்."

புதுப்பாகு கரைய ஒரு நாள் பிடிக்கும். முந்தின நாள் மிச்சம் குப்பியடியில் கொஞ்சம் இருந்தது. ஒரு கைக்கு வரலாம், முதல் இழுப்பு பிசகினால் அதற்கும் வராது. வேறு யாரையாவது இழுக்கச் சொல்லலாம் என்று பேராசிரியர் நினைத்தார். ஆனால் வேறு யாருக்கும் கை வராது. இவளை எதிரில் நிறுத்திவைத்து, முகத்தைப் பார்த்தார், வாயைப் பார்த்தார். இவளே முதலுதவிப் பெட்டியைத் திறந்தாள். அகலப் பிளாஸ்டரை எடுத்து, காதிலிருந்து காது வரைக்கும் வாய்மேல் ஒட்டிக்கொண்டாள். இரண்டு பட்டை. அதன்மேல் முகமூடி.

அன்றைக்கும் காற்று வறட்சிதான். வலை விழுந்தது. நீர்க் குப்பியிலிருந்து குச்சி நுனிக்கு ஒரு சொட்டு விட்டாள். தொட்டாள், வலை விலகியது. இன்னொரு சொட்டு. விலகியது. ஊசிகளில் பாகு குறைந்துகொண்டே வந்தது. பிளாஸ்டருக்குப் பின்னால் தன் நாக்கு தானாகவே உதட்டைத் தேடி முட்டுவதை அவள் உணர்ந்தாள். தன்மேல் தனக்கே அருவருப்பு வந்தது. சொட்டை விட்டதும் குச்சி நுனியைக் கையுறை விரல் இரண்டால் ஒரு உருட்டு உருட்டினாள், கடையில் அவர் உருட்டுகிற அதே உருட்டு. நீர் பரவி, கண்ணுக்குத் தெரியாத ஈரமாக மட்டும் நின்றது. தொட்டாள். வலை வந்தது. கூம்பு நீண்டது. நூல் ஓடியது. பாகு தீர்ந்து ஊசி வெறும் காற்றைத் துப்புகிறவரைக்கும் யாரும் பேசவில்லை. அவளாலும் பேச முடியாது.

பிளாஸ்டரை உரித்தபோது மேலுதட்டுப் பூனைமுடியெல்லாம் அதோடு போயிற்று. அழகு நிலையத்தில் செய்தால் கேட்பார்களே ஒரு விலை, அது மிச்சம் என்று நாத்தனார் சொன்னாள்.

நூல் வாயு அறையிலிருந்து கெடு முடியும் தறுவாயில்தான் வந்தது. அறுவை நடந்தது. பேராசிரியர் அவளை மூன்று மாதத்துக்கு மாமியாரைவிட்டு நீக்கி, டாக்டரின் கோழிக்கால் பாத்திரங்களைக் கழுவப் போட்டார். அவள் மறுபேச்சுப் பேசவில்லை. மூக்கில் பஞ்சை அடைத்துக்கொண்டு கழுவினாள். பேராசிரியரை மட்டும் அதற்கப்புறம் நிமிர்ந்து பார்த்துப் பேசியதே இல்லை.

தையல்காரர் கையைப் பலகை வைத்துக் கட்டியிருந்தார்கள். அதை அவிழ்த்த அன்று வந்த நாற்றத்தை எழுதாமல் விடுவது தர்மம். மழையில் நனைந்த செருப்புக்குள் தயிரை ஊற்றிப் பரணில் வைத்து மறந்த மாதிரி என்று மட்டும் சொல்கிறேன். தோல் பட்டை பட்டையாக உரிந்தது. அவள் வெந்நீரில் கழுவினாள், குமட்டக் குமட்டக் கழுவினாள். விரல் வீங்கவில்லை. அடியில் மடங்கியது. நடுவில் மடங்கியது. நுனிக் கணு மட்டும் பிடிவாதமாக நின்றது. ரப்பர் பந்தைப் பிசையச் சொன்னார்கள், களிமண் உருட்டச் சொன்னார்கள். நுனி அசையவில்லை. அது மடங்காவிட்டால் ஊசி நிற்காது.

அவள் வீட்டுக்கு ஒரு சொட்டுக் குப்பி வாங்கி வந்து அவர் தையல் இயந்திரத்தின் பக்கத்தில் வைத்தாள். இனி இந்தக் கடையில் வாய் கிடையாது என்றாள். அவரும் பயந்துபோய்ச் சரி என்றார். பெருவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் நூலைப் பிடித்துச் சொட்டு விட்டுக் கோத்துப் பழகினார். சுட்டுவிரல் வேலையில்லாமல் நீட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தது. ஒரு நாள் சொட்டு பெரிதாக விழுந்து யாருடைய நல்ல பட்டுச் சட்டையிலோ வட்டமாகப் படர்ந்தது. "பாத்தியா," என்று சொல்லிக்கொண்டே பழக்கதோஷத்தில் நூலை வாயில் வைத்து ‘ப்ச்’ என்று இழுத்து, பெருவிரலும் சுட்டுவிரலுமாக உருட்டினார்.

அவள் ‘சீ’ சொல்ல வாயெடுத்தவள் விரலைப் பார்த்தாள். நுனிக் கணு மடங்கியிருந்தது.

இன்னொரு முறை செய்யச் சொன்னாள். மடங்கியது. குப்பியில் செய்யச் சொன்னாள். நின்றுவிட்டது. கை டாக்டரிடம் கூட்டிப்போனாள். அவர் அறையில் நூலும் ஊசியும் கொடுத்துப் பார்த்தார். வாயில் நனைத்த நூல் நுனியை உருட்டுகிறபோது மட்டும் விரல் தன் பழைய வேலையை ஞாபகப்படுத்திக்கொள்கிறது என்றார். தலையை ஆட்டினார். காதுப்பக்கம் போன கையை இவள் பார்த்ததும் கீழே போட்டார்.

"பந்தெல்லாம் தூக்கிப் போடுங்க. தினமும் காலையில சாயங்காலம் நூல் கோக்கட்டும். நிறையக் கோக்கட்டும்."

"தண்ணியில தொட்டு உருட்டினா ஆகாதா டாக்டர்?"

"வாயிலயே நனைக்கட்டும்மா. அவர் விரலுக்கு அதுதான் தெரியுது."

தையல்காரர் முகத்தில் அன்றிருந்த சாந்தத்தைப் பார்க்கச் சகிக்காது. ஒரு பெட்டி ஊசியும் ஒரு கண்டு நூலும் வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தார். கூட ஒருத்தர் உட்கார்ந்து நுனி சரியாக மடங்குகிறதா என்று பார்க்க வேண்டும் என்பது டாக்டரின் உத்தரவு. நாத்தனார் நான் பார்க்கிறேன் என்றாள். சீச்சீ அவளை நம்பவில்லை. அதனால் காலையும் சாயங்காலமும் அவளேதான் அவருக்கு நேர் எதிரில், முதுகைக் காட்டாமல், அந்த விரலையும் அந்த வாயையும் பார்த்துக்கொண்டு உட்காருகிறாள். எத்தனை நூல் ஆயிற்று என்று தனியாகக் கணக்கு வைப்பதில்லை. அடுத்த வீட்டுக்காரர்கள் சுவர் வழியாகவே எண்ணிவிடுகிறார்கள், நூலுக்கு ஒரு ‘சீ’.